விலை கொடுத்த விருந்து

முப்பது ஆண்டுகளுக்கு முன் என்னிடம் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர் இன்று அயல்நாட்டில் நல்ல நிலையில் இருக்கிறார். 2023ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில் தாய்நாடு வந்திருந்த அவர், எனக்கு எழுபது வயது நிறைந்ததைக் கேள்வியுற்று, தம் அன்பைக் காட்ட விரும்பினார். பொன்னாடையும் பழத்தட்டும் வேண்டாமென்று நான் சொல்லிவிடுவேன் என்று அவருக்குத் தெரியும். ஆகவே என்னைக் கேளாமலே புதுச்சேரியில், பழைமை மாறாமல் புதுப்பிக்கப்பட்ட வீட்டு விடுதியொன்றில், எனக்கும் என் துணைவியாருக்கும் ஓர் இரவு தங்க அறை ஒழுங்கு செய்துவிட்டார். இரவு உணவும் அங்கேயே. கடலூரில் இருந்து அழைத்துச் செல்ல வண்டியும் வந்து நின்றது.

வண்டி தமிழர் பகுதியின் குறுகிய தெருவொன்றில் திரும்பி ஒரு வாசலில் நின்றபோதுதான் எனக்கு உடல் சிலிர்த்தது. அந்த வீட்டை நான் அறிவேன். அதன் முன்வாசலை அன்று, பின்வாசலை.

புதுச்சேரித் தமிழர் வீடுகளின் அமைப்பை அறியாத அன்பர்களுக்காகச் சிறிது சொல்ல வேண்டும். தெருவோரத்தில் மரத்தூண்கள் தாங்கும் ஓட்டுச் சாய்ப்பு. அதனைத் தாழ்வாரம் என்பர். வெயிலிலும் மழையிலும் தெருவில் நடப்பவர் அதன் நிழலிலேயே வீட்டுக்கு வீடு கடந்து செல்லலாம். அதனையடுத்து, சற்றே உயர்ந்த திண்ணை. திண்ணைக்கு அப்பால் கனத்த தேக்குக் கதவு. கதவுக்கு உள்ளே தூண்கள் சூழ்ந்த முற்றம். அதற்கும் பின்னால் அடுக்களை, கடைசியில் கிணறும் உரலும் கிடக்கும் கொல்லை. தாழ்வாரம் ஊருக்கு, திண்ணை வழிப்போக்கருக்கு, முற்றம் உறவினருக்கு, அடுக்களை வீட்டாருக்கு, கொல்லை எங்களைப் போன்றவர்களுக்கு. ஒரு வீட்டின் சுவர்களே இன்னார் இதுவரை வரலாம் என்று எழுதாமல் எழுதி வைத்திருந்த சட்டம் அது.

கப்பல் சரக்கு வணிகம் செய்த குடும்பத்துக்கு உரியது அவ்வீடு. என் அன்னை அங்கே கொல்லையில் நெல் குத்தினார்; மிளகாய் இடித்தார்; பங்குனி, சித்திரை மாதங்களில் வடகத்துக்குச் சின்ன வெங்காயமும் பூண்டும் உரித்து உரலில் இடித்துக் கொடுத்தார். நெல்லுக்கும் வெங்காயத்துக்கும் தீட்டில்லை. சோற்றுக்குத்தான் தீட்டு என்பது அந்நாளைய கணக்கு. கடுகும் சீரகமும் வெந்தயமும் உளுந்தும் மஞ்சளும் சேர்த்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டும்போது அது வீட்டம்மாளின் கை. கண்ணெரிய உரித்து இடித்தது என் அன்னையின் கை. 1962ஆம் ஆண்டு, புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்த ஆகஸ்டு மாதத்தில், ஒன்பது வயதுச் சிறுவனாகிய நான் அன்னையைத் தேடி அத்தெருவுக்கு வந்தேன். பின்சந்தில் கதவு தாழிட்டிருந்தது. காத்திருக்கலாம் என்று முன்புறம் வந்து திண்ணையில் அமர்ந்தேன். உள்ளிருந்து வந்த ஒருவர் என்னை அடிக்கவில்லை. கையை ஓங்கினார், அவ்வளவே. நான் இறங்கிய பிறகு ஒரு குடம் தண்ணீர் கொண்டு வந்து நான் அமர்ந்த இடத்தைக் கழுவிவிட்டார்கள். அடித்திருந்தால் மறந்திருப்பேன்.

அறுபத்தோராண்டு கழித்து அதே வாசலில் சீருடை அணிந்த காவலர் கைகூப்பி, "வாங்க ஐயா" என்றார். நெற்றியில் சந்தனம் இட்டார்கள். குளிர்ந்த நன்னாரிச் சாறு தந்தார்கள். எங்கள் பைகளை வேறொருவர் தூக்கிச் சென்றார்.

இக்கட்டுரையில் நான் எழுப்ப விரும்பும் வினா இதுதான்: விலை கொடுத்து வாங்கிய விருந்து விருந்தாகுமா? ஆகாதென்றால், விலையின்றிக் கிடைத்த அந்தப் பழைய விருந்து எத்தகையது?

முதலில் விடுதிக்காரர் பக்கம் உள்ள நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். இவ்வகை விடுதிகளைக் கண்டு முகம் சுளிப்பது எளிது. பாட்டன் வீட்டை வாடகைக்கு விட்டார்கள், பண்பாட்டைத் தட்டில் வைத்து விற்கிறார்கள் என்று பேசுவோர் பலர். அவர்களுள் எத்தனை பேர் தத்தம் ஊரில் ஒரு பழைய வீட்டின் ஓட்டை மாற்றிக் கொடுத்தார்கள் என்று கேட்டால் விடை வராது.

1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைத் தரைமட்டமாக்கினர். 1765இல் பிரெஞ்சுக்காரர் திரும்பி வந்து மீண்டும் கட்டத் தொடங்கினர். பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே ஐரோப்பியர் தெருக்கள், மேற்கே தமிழர் தெருக்கள். நாளடைவில் மேற்கே இருந்த செல்வர் சிலர் கீழ்த்தளத்தைத் தமிழ் முறையிலும் மேல்தளத்தைப் பிரெஞ்சு முறையிலுமாகக் கட்டினர். துய்ப்ளெக்சின் துபாசியாக இருந்து, நாட்குறிப்பால் அழியாப் பெயர் பெற்ற ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை, 1738இல் எழுந்ததாகக் கூறப்படுவது, அக்கலவைக்குப் பெயர் பெற்ற சான்று. இக்கட்டடங்களுக்கு எதிரி பீரங்கி மட்டுமன்று. மரச்சட்டங்களின் மேல் சிறு செங்கற்களை நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தால் இறுக்கிய மொட்டைமாடி, ஆண்டுதோறும் பார்த்துப் பூசப்படாவிட்டால் நீரை உள்ளே விடும். நீர் புகுந்தால் சட்டம் உளுக்கும். 1954க்கும் 1962க்கும் பிறகு பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்டு பிரான்சுக்குச் சென்ற குடும்பங்கள் பல. ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள். பாரிசில் ஒருவர், சென்னையில் ஒருவர். யார் ஓடு மாற்றுவது? 1990களின் நடுவில் இன்டாக் அமைப்பு எடுத்த கணக்கில் ஏறத்தாழ 1,800 மரபுக் கட்டடங்கள் இருந்தன. அதன்பின் சில ஆண்டுகளுக்குள் அவற்றுள் பல நூறு மறைந்துவிட்டன. அரசுக்குச் சொந்தமானவையும் தப்பவில்லை. கடற்கரையில் நின்ற நகராட்சி மாளிகையாகிய மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் சரிந்து விழுந்தது. மீண்டும் எழுப்பி 2021இல் திறந்தார்கள்.

மறுபுறம், வைசியாள் வீதியில் இருபது வீடுகளின் முகப்பை ஐரோப்பிய ஒன்றியத்தின் துணையோடு வீட்டுக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு சீர்படுத்தினார்கள். 2008இல் யுனெஸ்கோவின் விருது அதற்குக் கிடைத்தது. ஆனால் விருதால் ஓடு மாறாது. பழைய வீடு நிற்க வேண்டுமானால் அதனால் யாரேனும் பிழைக்க வேண்டும். நான் கையோங்கப்பட்ட அந்த வீடு விடுதியாகாமல் இருந்திருந்தால் இந்நேரம் அங்கே நான்கடுக்குத் துணிக்கடை நின்றிருக்கும். எனக்கு நினைவுகூர ஒரு திண்ணையும் இருந்திராது.

இனி விருந்து என்னும் சொல்லுக்கு வருவோம். அதன் பழம்பொருள் புதுமை. தொல்காப்பியத்தில் அது செய்யுளின் எண்வகை வனப்புகளுள் ஒன்றன் பெயர். புதுவகையாய் யாக்கப்பட்டது என்பது கருத்து. புதியவராய் வந்தவரே விருந்தினர்; சுற்றத்தார் அல்லர். வள்ளுவர் அன்புடைமைக்கு அடுத்த அதிகாரமாக விருந்தோம்பலை இல்லறவியலில் வைத்தார். நமக்குத் தெரிந்த ஆபிரகாமும் வெயில் ஏறிய வேளையில் கூடார வாயிலில் அமர்ந்திருந்தவரே; வந்த மூவரும் யார், எவர் என்று கேட்ட பிறகு அவர் எழுந்து ஓடவில்லை. அறிமுகத்துக்கு முன்பே தருவதுதான் விருந்து. இதற்கு நேர் எதிராக, விடுதியில் நுழைந்தவுடன் அடையாள அட்டையை வாங்கிப் பதிந்துகொள்கிறார்கள். சட்டம் அப்படி, குறை சொல்வதற்கில்லை.

பிரெஞ்சு மொழியில் 'ஓத்' என்னும் ஒரே சொல் விருந்தளிப்பவரையும் குறிக்கும், விருந்தேற்பவரையும் குறிக்கும். இலத்தீனிலும் அப்படியே. நாம் வாய்க்கு வந்தபடி சொல்லும் ஓட்டல், ஆஸ்பத்திரி இரண்டும் அந்த வேரில் கிளைத்தவைதாம். இன்று ஒன்றில் பணமின்றி நுழைய முடியாது. மற்றொன்றிலும் பெரும்பாலும் அப்படித்தான் என்பது வேறு கதை.

விருந்தளிப்பவரும் ஏற்பவரும் ஒரே சொல்லுக்குள் அடங்குவது எதனால்? இன்று தருபவன் நாளை வழிப்போக்கனாகலாம் என்னும் உணர்வால். விலை நுழைந்தால் இவ்வுணர்வு விலகுகிறது. பணம் கொடுத்தேன், பண்டம் பெற்றேன், கணக்கு முடிந்தது. சந்தனமிட்ட கைக்கு நான் எதுவும் கடன்பட்டிருக்கவில்லை. நன்றிக்கு இடமே இல்லை.

இத்தோடு நிறுத்திக்கொண்டால் கட்டுரை எளிதாக முடிந்திருக்கும். விலைக்கு முன் விருந்து இருந்தது, விலை அதைக் கெடுத்தது என்று எழுதிப் பெருமூச்சு விடலாம். கழுவிவிடப்பட்ட திண்ணை என்னை அப்படி எழுத விடவில்லை.

வழிப்போக்கருக்கென்றே கட்டப்பட்டது அத்திண்ணை. அந்த வீட்டார் கஞ்சர்கள் அல்லர். காசிக்குப் போவோர், கதை சொல்வோர், வெளியூர்ப் புலவர் எனப் பலர் அங்கே படுத்தெழுந்ததை என் அன்னை சொல்லக் கேட்டிருக்கிறேன். தலைக்கடியில் வைத்துக்கொள்ளத் திண்ணையின் ஒரு முனையில் சாய்வான மேடுகூடக் கட்டியிருந்தார்கள், இப்போதும் இருக்கிறது. அவ்வளவு அக்கறை. அந்த அக்கறைக்கும் ஒரு பட்டியல் இருந்தது. அதில் எங்கள் பெயர் இல்லை. யார், எவர் என்று கேளாமல் தருவது விருந்து என்று மேலே எழுதினேன். பார்த்தவுடனே தெரிந்துகொள்ளும் ஊரில் கேட்க வேண்டிய தேவையே இருக்கவில்லை என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

எந்த அறமும் திறந்துவிடாத கதவைப் பணம் எனக்குத் திறந்துவிட்டது. வரவேற்பறையில் இருந்த பெண் என் குலத்தைக் கேட்கவில்லை. 12,000 ரூபாயும், 7,500க்கு மேற்பட்ட அறை வாடகைக்கு அரசு விதிக்கும் 18 விழுக்காட்டு வரியாகிய 2,160 ரூபாயும் செலுத்தப்பட்டுவிட்டன என்பதே அவர் அறிய விரும்பியது. பணத்துக்குக் கண் இல்லை என்பதை நாம் வசையாகச் சொல்கிறோம். கண் உள்ளவர்கள் என்னை எப்படிப் பார்த்தார்கள் என்பதை எண்ணும்போது, குருடாயிருப்பதும் ஒரு வகையில் நீதிதானோ என்று தோன்றிற்று. முற்றத்துத் தூண்களுள் ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன். அம்மாவும் நானும் ஒருநாளும் தொடாத தூண்.

ஆனால் இந்த நீதி எனக்குக் கிடைத்தது மாணவர் ஒருவர் பணம் கட்டியதால். பின்சந்தில் இன்று குடியிருப்பவர் யாரும் இந்தத் தொகையைக் கட்ட முடியாது. முன்பு பிறப்பு தடுத்தது, இப்போது விலை தடுக்கிறது. தடுக்கப்படுவோர் பெரும்பாலும் அதே வீட்டுப் பிள்ளைகள். இரண்டும் ஒன்றே என்று சொல்லவும் மனம் வரவில்லை. விலைத்தடையை ஒரு தலைமுறையின் கல்வி தாண்டிவிடக்கூடும். பிறப்புத்தடையை எத்தனை படித்தும் தாண்ட முடியவில்லை. அதை நானே அறிவேன்.

இரவு உணவு முற்றத்தில். விளக்குகள் நீர்த்தொட்டியில் மிதந்தன. பட்டியலில் ஒவ்வோர் உணவின் பெயரின் கீழும் இரண்டு வரி வரலாறு அச்சிட்டிருந்தார்கள். முழுத் தட்டில் நடுவிரல் நீளத்துக்குக் கொடுவா மீன் துண்டு ஒன்று வந்தது. அதன் மேல் வெண்ணெயில் இளக்கிய 'வடுவான்' குழம்பு. வடகந்தான் அது. பிரெஞ்சுக்காரர் வாயில் வடுவான் ஆகி, கடல் கடந்து, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மேலைநாட்டு உயர்தர உணவகங்களில் புகழ் பெற்று, மீண்டும் பிறந்த வீட்டுக்கே வந்திருந்தது. விலை 1,400 ரூபாய்.

ஒரு வாய் எடுத்து வைத்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: மிக நன்றாக இருந்தது. சித்திரை வெயிலில் பாயில் உலர்ந்த வெங்காய மணம், அன்னையின் முந்தானை மணம், அப்படியே எழுந்தது. பட்டியலில் இருந்த வரலாற்றில் பிரெஞ்சு வணிகர் வந்தார், வீட்டுச் சமையற்கட்டு வந்தது, பாட்டிமாரின் கைப்பக்குவம் வந்தது. உரல் வரவில்லை, உரித்தவர் வரவில்லை.

அதற்காக அன்னையின் பெயரைப் பலகையில் எழுதி மாட்ட வேண்டுமென்று நான் விரும்பவில்லை. மாட்டவும் மாட்டுவார்கள், மகிழ்ச்சியோடு. அழகிய எழுத்தில், ஒரு பழைய உலக்கையின் படத்தோடு. அவர் பட்ட பாடும் அறையின் அலங்காரமாகி, வாடகையில் ஐந்நூறு கூடும். இறந்தவருக்கு நாம் பட்ட கடனை இறந்தவரிடம் திருப்பித் தர இயலாது. வேறெங்கே தருவது என்பதே கேள்வி.

பரிமாறிய இளைஞரிடம் பேச்சுக் கொடுத்தேன். அரியாங்குப்பத்தில் வாடகை வீடு. உணவக மேலாண்மைப் பட்டயம் படித்தவர். மாதம் 13,500 ரூபாய். "நீங்க எங்கே தம்பி சாப்பிடுவீங்க?" என்றேன். "பின்னாடி சார். ஸ்டாப் சாப்பாடு தனி. எல்லாரும் போன பிறகு" என்றார். குறையாகச் சொல்லவில்லை, கேட்டதற்கு விடை, அவ்வளவே. பின்னாடி என்றது அந்தக் கொல்லையைத்தான். கிணற்றை மூடித் தளம் போட்டிருக்கிறார்கள்.

நான் மனத்துக்குள் வகுக்கத் தொடங்கினேன்: இம்மேசைச் செலவு இவருக்கு எத்தனை நாள் ஊதியம்? என் துணைவியார் என் முகத்தைப் பார்த்தே அறிந்துகொண்டார். "சாப்பிட்ட பிறகு கணக்குப் பார்க்காதீர்கள். பார்ப்பதானால் வருவதற்கு முன் பார்த்திருக்க வேண்டும்" என்றார். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக என்னைத் திருத்தி வருபவர். அவர் சொன்னது சரி. வயிறு நிறைந்தபின் வரும் இரக்கம் செரிமானத்துக்கு உதவும். அதற்கு மேல் யாருக்கும் உதவாது. உண்பதே பாவமென்று எண்ணினால் எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை, இனிப்பும் வாங்கி உண்டேன்.

எழுந்து போகாததற்கு ஒரு காரணம் உண்டு. அதை நான் அந்த மேசையில்தான் கண்டேன். விலை விருந்தைக் கெடுக்கிறது என்று வாதிட்டு வந்தேன் அல்லவா? அவ்விரவில் எனக்கு விருந்தளித்தவர் விடுதிக்காரர் அல்லர், என் மாணவர். தம் உழைப்பின் பயனை, திருப்பிக் கிடைக்காது என்று அறிந்தே, ஒரு கிழவருக்காகச் செலவிட்டவர் அவர். அவர் கொடுத்தது விருந்து. வாங்கியது மட்டும் கடையில். கூலிக்குச் சமைத்தவர் கையால் உண்டாலும் திருமண விருந்து விருந்துதானே! ஆகவே பணம் தொட்டதெல்லாம் கெட்டது என்று சொல்வதற்கில்லை. அவர் யார் வீட்டில் எனக்கு இடம் பிடித்தார் என்பது அவருக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை. இதைப் படித்தால் அறிவார்.

ஆயினும் அந்த விருந்து எனக்கு வந்து சேர்ந்த வழியில் இன்னும் பலர் நின்றிருந்தனர். எல்லாரும் போன பிறகு உண்பவர், அறை துடைப்பவர், விடியுமுன் வந்து கோலம் போடும் பெண். அவர்களுக்கு அவ்வீட்டில் கொல்லையைத் தாண்டி இடம் உண்டா என்பதை மரபைக் காப்பதாகச் சொல்வோரிடம் கேட்கும் உரிமை, அங்கு உண்டவனுக்கு இருக்கிறது. சுண்ணாம்புப் பூச்சைக் காக்கத் தெரிந்தவர்கள் தாழ்வாரத்தை ஏன் கம்பி வேலியிட்டு அடைத்தார்கள் என்றும் கேட்கலாம். அதன் நிழல் தெருவுக்கு உரியது. அது வீட்டுக்குள் சேர்ந்துவிட்டது. புறப்படுமுன் கருத்தேட்டில் இவை இரண்டையும் எழுதினேன். உணவு நன்று என்றும் எழுதினேன்; அதுவும் உண்மை.

மறுநாள் காலை ஆறரை மணியளவில், யாரும் எழுமுன், திண்ணையில் வந்து அமர்ந்தேன். சாய்வு மேட்டில் முதுகைச் சாய்த்தேன். கல் குளிர்ந்திருந்தது. கீரைக்கூடை சுமந்த ஒரு மூதாட்டி வேலியோரம் நின்று, கூடையை இறக்க ஒரு கை தருமாறு என்னைக் கேட்டார். இறக்கிவிட்டு, "வாங்கம்மா, உட்காருங்க" என்றேன். "வேணாம் சாமி. வாட்ச்மேன் கத்துவாரு" என்றார். காவலர் அதற்குள் வந்துவிட்டார். கடுமையான மனிதரல்லர், நேற்று கைகூப்பியவர்தாம். "சார், உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?" என்று கேட்டார்.

"ஆமாம், வேண்டியவர்" என்றேன். பொய்தான்.

அவர் வேலிக்கதவைத் திறந்துவிட்டார். மூதாட்டி திண்ணையின் ஓரத்தில் பாதி உடலை மட்டும் வைத்து அமர்ந்தார். நான் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டு வந்தேன். அவர் அண்ணாந்து குடித்து முடிக்கும்வரை காவலர் ஒரு நீளக் குறிப்பேட்டைக் கையில் பிடித்தபடி நின்றார். பிறகு என்னிடம் அறை எண்ணைக் கேட்டு, 'பார்க்க வந்தவர்' என்னும் கட்டத்தில் எழுதிக்கொண்டார்.